கடையில் விற்கும் பனி

போன வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு, செக்காலைக் கோவிலில் பூசை முடிந்து பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும்போது ஒரு பேன்சி ஸ்டோர் வாசலில் பனி விற்றுக்கொண்டிருந்தார்கள். பாக்கெட் 160 ரூபாய். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் துகள், மேலே சிவப்புத் தொப்பி போட்ட தாத்தா. இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகன் அதை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுவிட்டான். காரைக்குடி வெயில் உச்சியில் இறங்குகிறது, நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன், இவன் "பனி இல்லாம எப்படிம்மா கிறிஸ்மஸ்?" என்கிறான்.

பாக்கெட்டை அவன் கையிலிருந்து வாங்கி அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே பேருந்தில் ஏறிக் கோட்டையூர் வரை வந்தது.

எங்கள் வீட்டில் டிசம்பர் எப்போதுமே இழுபறிதான். வீட்டுக்காரர் வேலை செய்வது ஆப்செட் அச்சகத்தில். இந்தப் பக்கத்தில் அச்சகம் என்றால் கல்யாணப் பத்திரிகைதான் சோறு. ஐப்பசி, கார்த்திகையில் இரவு பத்து மணி வரை எந்திரம் ஓடும், மார்கழி நெருங்கினால் படுத்துவிடும். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, தைக்கு வைத்திருப்பவர்களும் மார்கழியில் பத்திரிகை அடிக்கக் கொடுக்க யோசிப்பார்கள். ஓவர்டைம் போய் வெறும் சம்பளம் மட்டும் வரும் மாதத்தில்தான் எங்களுக்குப் பண்டிகை வருகிறது. அதில் நான்கு பேருக்குத் துணி, கறி, பலகாரம், மகளுக்கு டியூஷன். அலங்காரத்துக்கு என்று நான் ஒதுக்கியது 500 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்லிவிடுவது நல்லது, கடைசி வாரத்தில் சண்டை வராது.

அதே கடையில் விலையும் விசாரித்து வைத்திருந்தேன், ஆசை யாரை விட்டது. மூன்றடி பிளாஸ்டிக் மரம் 950. அச்சடித்த அட்டை நட்சத்திரம் 220. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும், பதினொரு சுரூபம் (சின்னச் சிலை) கொண்ட குடில் செட் 1,800. ஜிகினா, மணி, பந்து எல்லாம் சேர்த்தால் இன்னொரு 600. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பனி தேசத்துச் சாமான். ஊசியிலை மரம், அதன் நுனியில் வெள்ளைப் பூச்சு, பனி மனிதன், பனியில் வண்டி இழுக்கிற மான். எங்கள் ஊரில் இல்லாத ஒன்றைப்போல வீட்டை ஆக்குவதற்குத்தான் காசு கேட்கிறார்கள். நம் ஊரில் இருப்பதற்கு யாரும் விலை போடவில்லை.

பனி நமக்கும் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனால் காலடியில் புல் நனைந்திருக்கும், வைக்கோல் போர் மேலே ஈரம் மினுக்கும், எதிர்வீட்டு ஆள் புகைபோலத் தெரிவார். அதற்கும் பனி என்றுதான் பெயர். பாக்கெட்டில் விற்கிற பனிக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. லூக்கா நற்செய்தியில் தேடிப் பார்த்தேன். தீவனத்தொட்டி இருக்கிறது, துணியில் பொதிந்த பிள்ளை இருக்கிறது, ராத்திரி மந்தைக்குக் காவல் இருந்த இடையர்கள் இருக்கிறார்கள். பனி இல்லை. பெத்லகேம் மலை மேல் உள்ள ஊர், குளிரும், எப்போதாவது பனியும் விழும் என்கிறார்கள். ஆனாலும் அது ஆடு மேய்கிற காய்ந்த கல்லும் மண்ணும் உள்ள பூமி. எங்கள் சிவகங்கைச் சீமைக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டு, ஆட்டுக்கு நடுவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த லூக்கா வசனத்தைத் தனியாக விளக்க வேண்டாம்.

அதோடு, குடில் வைக்கும் பழக்கத்தைப் பரப்பிய பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் வைத்ததற்கு என்ன செலவு ஆகியிருக்கும்? ஒரு தீவனத்தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை. மாடும் கழுதையும் ஊரில் யாரிடமாவது இரவல் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். ஆக இரவல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். பின்னால் இது எனக்கு ரொம்ப உதவியது.

முதலில் மரம். நம் பக்கத்தில் வழக்கமாகச் சவுக்குக் கிளையைத்தான் வெட்டி நடுவார்கள், பார்க்க ஊசியிலை மாதிரியே இருக்கும். ஆனால் எங்கள் தெருப் பக்கம் சவுக்கு இல்லை, வாங்கப் போனால் காசு, கொண்டுவர ஆட்டோ. கண்மாய்க் கரை முழுக்க இருப்பது சீமைக்கருவேலம். வெட்டினால் எல்லாரும் நன்றிதான் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்த கிளையாக, என் உயரத்துக்கு ஒன்றை வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். குழந்தைகள் கை எட்டும் உயரம் வரை முள்ளையெல்லாம் குறட்டால் நறுக்கிவிட்டு, சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை அடித்தோம். பசை கலக்காமல் அடித்தால் தொட்டதும் உதிரும், முதல் தடவை அப்படித்தான் ஆனது. இரண்டு நாள் காய்ந்ததும், நம்ப மாட்டீர்கள், வெள்ளைப் பவளம் மாதிரி நின்றது. அப்புறம்தான் அதன் உண்மையான வசதி தெரிந்தது. மேலே விட்டுவைத்த முள்ளெல்லாம் கொக்கி. எதை மாட்டினாலும் நிற்கிறது, நூலை முடிச்சுப் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

அத்தை (என் மாமியார்) வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, சாகும்போதுதான் ஏசுவுக்கு முள்ளு. பொறக்கும்போதேவா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க அந்தக் கிளையைக் கொல்லைப்புறம் தூக்கி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அத்தையே அதை உள்ளே கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளையை நட்டது பழைய பெயிண்ட் வாளியில், மணலும் இரண்டு அரைச் செங்கல்லும் போட்டு. வாளியை மறைக்க அத்தையின் கிழிந்த கண்டாங்கிச் சேலை ஒன்று. அரக்குச் சிவப்பும் கடுகு மஞ்சளும் கட்டம் கட்டமாக, துவைத்துத் துவைத்துப் பூப்போல மெத்தென்று ஆகியிருந்தது. பளபளக்கிற சிவப்பு சாட்டின் துணி மீட்டர் 90 ரூபாய் கொடுத்து வாங்கிச் சுற்றியிருந்தால்கூட இந்த அழகு வந்திருக்காது. இதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

மரத்தில் தொங்கவிட அச்சகத்திலிருந்து வந்தது சரக்கு. கல்யாணப் பத்திரிகையில் நிறம் தள்ளி விழுந்தவை, தங்கத் தாள் ஒட்டாமல் போனவை எல்லாம் கழிவு. கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போகும். முதலாளியிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்தார். செட்டிநாட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், அட்டை என்றால் அட்டை, ஓலைப்பெட்டி செய்யலாம் போல் இருக்கும். ஒரு சதுரத்தை இரண்டாக, நான்காக, மூலைக்கு மூலை என்று மடித்துப் பிரித்து, நான்கு பக்கத்திலும் நடுவில் கொஞ்சம் கத்தரித்து மடித்து ஒட்டினால் நான்கு முனை நட்சத்திரம். இரண்டை முதுகோடு முதுகாகத் திருப்பி ஒட்டினால் எட்டு முனை. மகள் உட்கார்ந்து இருபத்தாறு செய்தாள். தங்க நிறம் வெளிப்பக்கம் வருவதுபோல் மடித்தும் சிலவற்றில் எழுத்து வந்துவிட்டது. ஒரு நட்சத்திரத்தின் முனையில் "நிகழும் மங்களகரமான", இன்னொன்றில் "மொய் தவிர்க்கவும்". பின்னது மரத்தின் நடுவே, எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் மாட்டப்பட்டது. வீட்டுக்காரரின் வேலை அது.

மினுக்குவதற்கு ஏதாவது வேண்டுமே என்று முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. இடித்த வீடுகளின் கதவு, தூண், எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் எல்லாம் அங்கே வந்து சேரும். கலர் கண்ணாடிக் குண்டு ஒன்று விலை கேட்டேன், சொன்ன விலையில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மூன்று வருடம் நடக்கும். சும்மா பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கடையில் தரையோரம் பிஸ்கட் டப்பாவில் உடைந்த லஸ்தர் விளக்கின் (சரவிளக்கின்) பளிங்குத் தொங்கட்டான்கள் கிடந்தன. துணை இல்லாதவை, ஓரம் உடைந்தவை. ஒன்று 15 ரூபாய் என்று ஆறு வாங்கினேன். அந்த விளக்கு எந்தச் செட்டியார் வீட்டு வளவில் (நடுமுற்றத்துக் கூடத்தில்) தொங்கியதோ, எத்தனை கல்யாணம் பார்த்ததோ. சீரியல் விளக்குக்கு முன்னால் அவற்றைத் தொங்கவிட்டால் சுவர் முழுக்க ஒளி சிதறுகிறது. 500 ரூபாயில் இதற்குக் கொடுத்த 90தான் ஆடம்பரம். ஒரு ஆடம்பரமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கனம் முகத்தில் தெரிந்துவிடும்.

வாசல் நட்சத்திரத்துக்கு வீட்டுக்கார ஆச்சியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் இரண்டு அறை. முகப்பிலும் வளவிலும் ஆச்சி ஒருவர் மட்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். இரண்டாங்கட்டில் நட்சத்திரம் கட்டினால் எங்கள் நான்கு பேருக்கும் பூனைக்கும்தான் தெரியும். தயங்கித் தயங்கி, "ஆச்சி, முகப்புல ஒரு ஸ்டார் தொங்கவிடலாமா?" என்றேன். "வெளக்குதானேத்தா. இருட்டிக் கெடக்கு, போடு" என்றார். அவ்வளவுதான். நான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த விளக்கம் எல்லாம் வீண்.

மூங்கில் பிளாச்சில் இரண்டு ஐங்கோண நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவே ஐந்து குச்சியை முட்டுக்கொடுத்தால் உப்பிய நட்சத்திரம் கிடைக்கும். என் அப்பா சருகணிப் பக்கம் எங்கள் கிராமத்தில் வருடாவருடம் கட்டுவார், பார்த்துப் பார்த்து வந்த கை. கலர்த் தாள் ஒட்டி ஏற்றினோம். அன்று ராத்திரியே மழை. நம் மழைக்காலம் டிசம்பரிலும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும் என்பதை மறந்தது என் தப்பு. காலையில் எலும்புக்கூடு மட்டும் தொங்கியது, முகப்பின் ஆத்தங்குடித் தரையில் ரோஸ் சாயம். அரை மணி நேரம் மண்டி போட்டுத் துடைத்தேன். ஆச்சி எழுந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்று அன்று வந்த ஜெபம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுக்க வேறு எப்போதும் அவ்வளவு உருக்கமாக வரவில்லை.

அடுத்ததற்குப் பயன்பட்டது ஃபிளெக்ஸ். காதணி விழா முடிந்து கழற்றிப்போட்ட பேனர் ஒன்று தெருமுனையில் மாட்டுக்கொட்டகை மேல் கிடந்தது. மழை தாங்கும், பின்பக்கம் வெள்ளை, உள்ளே விளக்குப் போட்டால் வெளிச்சம் கசியும். கேட்டு வாங்கி, கழுவி, வெள்ளைப் பக்கம் வெளியே வர வைத்து பைண்டிங் நூலால் தைத்தோம். பகலில் பிரமாதம். ராத்திரி சுவிட்சைப் போட்டால் உள்பக்க அச்சு நிழலாகத் தெரிய, ஒரு முனையில் யாரோ ஒரு தாய்மாமனின் மீசையும் கூலிங் கிளாசும். தெருவே வந்து பார்த்தது. அத்தை மட்டும் சிரிக்காமல், "பிள்ளையைக் கொல்லப் பார்த்த ஏரோது ராசா மாதிரி இருக்கான், திருப்பிப் போடுங்க" என்றார். அந்த முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். ஜனவரி ஆறு வரை, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி குடில். இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டு வந்ததே.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். அங்கே கல் போடுகிற பட்டறையில் எங்கள் கோவில் அன்பியத்து (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் சேர்ந்து ஜெபிக்கும் குழு) அண்ணன் ஒருவர் வேலை செய்கிறார். கண்ணாடித் தகடு மேல் அச்சை வைத்து, கலர்க் கலவையைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியை எடுத்ததும் அந்த முகம் கண்ணாடி போலவே மின்னும், அதற்குச் சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. கலர் கலந்துபோனது, மூலை உடைந்தது என்று ஓரமாக அடுக்கி வைத்திருப்பதில் ஒன்பது கல் கொடுத்தார். மூன்றுக்கு மூன்று. மாட்டுத்தொழுவத்துக்கு இவ்வளவு அழகான தரையா என்று மகள் கேட்டாள். செட்டிநாட்டு மாட்டுத்தொழுவம் என்று சொல்லிவிட்டேன்.

தீவனத்தொட்டிக்குக் கொட்டான். ஆச்சி வீட்டு விசேஷத்தில் பலகாரம் வைத்துக் கொடுத்த சின்னக் கொட்டான், பச்சையும் சிவப்புமாகச் சாயம் போட்ட பனையோலைக் கூடை. கொட்டானுக்கு இப்போது புவிசார் குறியீடு எல்லாம் இருக்கிறது, கடையில் நல்ல விலை, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பரணில் நாலைந்து சும்மா கிடக்கும். வைக்கோலை நிரப்பிவிட்டால் அதைவிட நல்ல தொட்டில் இல்லை.

புல்லுக்கு முளைப்பாரி. இது பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை. மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறவர். பெரிய சட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணித்தூளும் போட்டு, ஊறின பயறு தூவி, இருட்டறையில் வைப்பார்கள். வெயில் படாததால் வெளிர் மஞ்சளாக முழ உயரம் வளரும். "உனக்குப் பச்சையா, குட்டையா வேணும்ல? அப்ப கேப்பையைப் போடு, இருட்டுல வைக்காதே" என்றார். கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளை விட்டதும் பழைய தட்டுகளில் மண் பரப்பித் தூவினேன். தினம் இரண்டு வேளை தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது, ஊற்றினால் விதை எல்லாம் ஒரு பக்கம் ஓடிவிடும். பத்தாவது நாள் விரல் உயரப் பச்சை. டிசம்பர் 24க்குப் பச்சையாக வேண்டுமானால் 13, 14 தேதிக்குள் தூவிவிடுங்கள், முந்தினால் சாய்ந்துவிடும். கடையில் விற்கிற பச்சை பிளாஸ்டிக் விரிப்பு சதுர அடி 40 ரூபாய். எங்கள் புல்லுக்குச் செலவு ஒரு கைப்பிடி கேப்பை.

புல்லுக்கு அடியில் ஒரு சிட்டிகை ஓரியூர் மண். அத்தை ஒரு மருந்து டப்பாவில் பல வருடமாக வைத்திருக்கும் செம்மண். போர்த்துக்கலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தரை 1693இல் தலை வெட்டிய இடம் ஓரியூர். அவர் ரத்தத்தால் சிவந்தது என்று அந்த மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைத்துக்கொள்ளாத கத்தோலிக்கர் இந்தச் சீமையில் குறைவு. முள் கிளைக்கு என்னைக் கேட்டவர், இந்த மண்ணைத் தானே கொண்டுவந்து குடிலில் தூவினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சுரூபங்கள் அத்தை கல்யாணத்தின்போது வந்தவை. மாதா பரவாயில்லை. சூசையப்பருக்குக் கழுத்தில் ஒட்டுப்போட்ட தழும்பு. மூன்று ராசாக்களில் இரண்டு பேர்தான் மிச்சம். குழந்தை இயேசு மட்டும் எலி உருட்டிக் காணாமல் போனதால் 80 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினேன், மண் சுரூபம். ஆடு, மாடு எதுவும் இல்லை. மகள் போய் ஆச்சியிடம் கேட்டுவிட்டாள். ஆச்சி வீட்டில் கொலுப் பொம்மைப் பெட்டி உண்டு, சென்னை மகள் வாங்கிவந்து கொடுத்தது. மூன்று பசு, ஒரு கன்று, புல்லாங்குழல் ஊதுகிற ஒரு இடையன், இவற்றோடு ஆச்சி தானாகவே எடுத்துக் கொடுத்தது செட்டியார் பொம்மை ஜோடி. தொந்தியும் விபூதியுமாகச் செட்டியாரும் ஆச்சியும், முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய் பரப்பிய கடை.

"இவங்களும் இருக்கட்டும்த்தா. ஊருன்னா ஒரு கடை வேணாமா?"

எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகன்தான் சொன்னான், மாதாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடம் இல்லை என்று சொன்ன ஆள் இவர்தான் என்று. செட்டியார்களைப் பற்றி இப்படியெல்லாம் ஆச்சி காதில் விழலாமா? சத்திரம் கட்டி வழிப்போக்கருக்குச் சோறு போட்டதுதான் அவர்கள் பெருமை. இடம் இல்லை என்று சொன்னவராக வைத்தால் நன்றாக இருக்காது. கடைசியில் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே கடையை விரித்தோம், பிள்ளை பெற்ற வீட்டுக்கு மளிகை கொடுக்கிறவராக. நாப்போலி நகரத்துக் குடில்களில் ரொட்டிக்காரன், மீன்காரன், பழக்காரி எல்லாம் வந்து நிற்பார்களாம், அந்த ஊர்த் தெருவையே குடிலுக்குள் இறக்கிவிடுவார்களாம். அப்படியென்றால் எங்கள் குடிலில் மிளகாய் விற்கும் செட்டியாருக்கு என்ன குறை.

மகனுக்குப் பனி ஆசை மட்டும் அடங்கவில்லை. 22ஆம் தேதி ராத்திரி, நாங்கள் பார்க்காத நேரம் கோலமாவு டப்பாவை எடுத்து ஓலைக் கூரை மேல், புல் மேல், சூசையப்பர் தலை மேல் எல்லாம் தூவிவிட்டான். எங்கள் வீட்டுக் கோலமாவு பச்சரிசி மாவு. விடியும்போது கதவடியிலிருந்து கொட்டான் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. ராசாக்களுக்கும் இடையர்களுக்கும் முன்னால் பெத்லகேமுக்கு எறும்புகள் வந்து சேர்ந்தன. மருந்து தூவ மனமில்லை, மாவை ஊதி ஊதி எடுத்து, கல்லைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போட்டு ஒரு பகல் போயிற்று. பனி வேண்டுமானால் கல் பொடி தூவு என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

விளக்கு பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கார்த்திகைக்கு வாங்கிய அகல் வீட்டில் கிடக்கும், அதை ஏற்றி வாசலிலும் படியிலும் வரிசையாக வைத்தால் அழகு, செலவும் எண்ணெய் மட்டும். ஆனால் குடிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக் குடிலில் மெழுகுவத்தி சாய்ந்து வைக்கோல் பிடித்து, அப்பா சாக்கை நனைத்து அடித்து அணைப்பதற்குள் கூரை வாரையே கருகிவிட்டது. வைக்கோல், ஓலை, அட்டை உள்ள இடத்தில் எல்.இ.டி. சீரியல் செட்தான். 110 ரூபாய்க்கு ஒன்று என்று இரண்டு வாங்கினேன். வாசலில் போடுகிற செட்டின் இணைப்பு மழை படாத இடத்தில் இருக்கட்டும், இன்சுலேஷன் டேப்பை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கணக்கு கேட்பீர்கள். சீரியல் செட் 220, சுண்ணாம்பு 20, பசை 45, பளிங்குத் துண்டு 90, குழந்தை இயேசு 80, பலூன் 30. மொத்தம் 485. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. என் பதினைந்து நாள் சாயங்காலம் இதில் எழுதப்படவில்லை. குறைந்த செலவில் அலங்காரம் என்று வருகிற வீடியோக்களும் இப்படித்தான். "வீட்டில் இருக்கும் பொருளை வைத்து" என்று ஆரம்பித்து, பசைத் துப்பாக்கி எடு, தங்க நிற ஸ்பிரே எடு என்பார்கள். அந்த ஸ்பிரே டப்பாவிலேயே என் பட்ஜெட் பாதி போய்விடும். காசு குறைவாக இருப்பவர்களுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வருகிறவள் கருவேலங்கிளைக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாது. அவள் அட்டை நட்சத்திரத்தை வாங்கிக் கட்டட்டும், கூடவே ஒரு கொட்டானில் வைக்கோல் வைத்தால் போதும், அதுவும் குடில்தான்.

24ஆம் தேதி ராத்திரி பூசைக்குப் போய்விட்டு வந்து, குழந்தை இயேசுவைக் கொட்டானில் கிடத்தும்போது மணி இரண்டு இருக்கும். ஆச்சி தூங்கவில்லை. முகப்புத் திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வந்து பார்த்தார். சுருங்கிய விரலால் செட்டியார் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

ஆச்சிக்கு அப்போது பிள்ளையார் நோன்புக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் தொடங்கி இருபத்தொரு நாள், தினம் புதுத்துணியில் ஒரு நூல் எடுத்து வைத்து, இருபத்தொரு இழையும் சேர்ந்த திரியை மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சில வருடம் அது கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும், சில வருடம் பின்னால். போன வருடம் பின்னால் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்கல்லும் அதிரசமும் போயிற்று, அங்கிருந்து பொரியும் வெள்ளைப் பணியாரமும் வந்தது. முகப்பில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்க உள்ளே ஆச்சி இழை எடுத்துக்கொண்டார். துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து எல்லாம் பிரித்தோம். கேப்பைப் புல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, கிளை வெந்நீர் அடுப்புக்கு. முதுகு வளைந்த நட்சத்திரங்கள் ஒரு டப்பாவில், பளிங்குத் துண்டுகள் பஞ்சில் சுற்றி இன்னொன்றில்.

இந்த வருடத்துக்குப் புதுக் கிளை மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, கேப்பையை வரும் வாரம் ஊறப்போட வேண்டும். பட்ஜெட் 600, ஏனென்றால் சீரியல் செட்டில் ஒன்று எரியவில்லை. செட்டியார் பொம்மையைத் திருப்பிக் கொடுத்தபோது கடைத் தட்டில் ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்திருக்கிறது போல. நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனபோது மேலிருந்து மூன்றாவது படியில், மிளகாய்க்கும் பருப்புக்கும் நடுவே அது அப்படியே இருந்தது.